மண் தின்னாத முடிச்சு

பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் பசைக் கடை, அந்தப் பக்கம் ஜிகினாக் கடை. இரண்டும் ஒரே தகப்பன் வைத்துவிட்டுப் போன ஒரே கடைதான். கூரை ஒன்று, வாசற்படி ஒன்று, மின்விசிறியும் ஒன்றே. அது தடுப்பின் உச்சிக்கு நேர்மேலே நின்று, எந்தப் பக்கத்துக்கும் முழுக்காற்று போய்விடாதபடி பங்கிட்டுக்கொண்டிருந்தது. பசைக் கடை அக்காளுடையது, ஜிகினாக் கடை தம்பியுடையது. தகப்பன் வைத்த பெயர்களைத் தெரு எப்போதோ மறந்துவிட்டு அவளைப் பசையக்கா என்றும் அவனை ஜிகினா என்றும் அழைத்து வந்தது. இருவரும் அதற்கே திரும்பிப் பார்க்கவும் பழகியிருந்தார்கள்.

பசையக்காவின் விரல்களில் மைதாப் பசை காய்ந்து ஏடு ஏடாக உரிந்தவண்ணம் இருக்கும். தொலைபேசி மணி அடித்தால் முழங்கையால் அழுத்தித்தான் எடுப்பாள். மேடை அலங்காரம், வாசல் தோரணம், உமியைப் பசையில் பிசைந்து வார்த்த எழுத்துகள், பலூனுக்குப் பதிலாகக் காகிதக் கோளங்கள், உலர்ந்த பாக்கு மட்டையை அச்சில் அழுத்திச் செய்த தட்டுகள் என்று அவள் கடையில் உள்ள யாவும் மண்ணுக்குள் போனால் மண்ணாகிவிட வேண்டியவை. அதில் அவளுக்கு விட்டுக்கொடுத்தல் என்பதே கிடையாது.

ஆயினும் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது காகிதமும் அன்று, உமியும் அன்று, முடிச்சு. இரண்டு கண்ணிகளை ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து இறுக்கும் அந்த முடிச்சை அவள் சிறுமியாய் இருக்கும்போதே தானாகக் கண்டுபிடித்தாள். அவள் கட்டிய தோரணம் காற்றில் ஆடும், மழையில் நனையும், அவிழாது. தம்பிகூட, பெரிய இடத்து வேலை வந்தால், தடுப்புக்கு மேலே தன் ஜரிகைச் சரங்களை நீட்டி, “அக்கா, ஒரு முடிச்சு போட்டுக் குடேன்” என்று கெஞ்சுவான். மேசைக்குக் கீழே ஓர் இழுப்பறை. நூற்கண்டுகள் இருப்பது அதில். நூலை எடுக்க அவள் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. இடக்கை தானே போகும், தானே உருவும். வலக்கை தானே முடியும். கண் தோரணத்தின்மேல் இருக்கும். வாய் யாரையேனும் திட்டிக்கொண்டிருக்கும்.

திட்டுவதற்கு ஆளுக்குப் பஞ்சமும் இல்லை.

அவள் பிளாஸ்டிக்கைக் கைவிட்டது ஞானம் பிறந்து அல்ல, எரிச்சல் பிறந்துதான். தடுப்பு எழுவதற்கு முன், கடை ஒன்றாய் இருந்த காலத்தில், ஒரு மழைக்குத் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளே புகுந்தது. படி தாண்டி முதல் விருந்தாளியாக மிதந்து வந்தது பொன்னிறப் பிளாஸ்டிக் தோரணம் ஒன்று. குனிந்து எடுத்தாள். முடிச்சைப் பார்த்ததும் தெரிந்துபோயிற்று. புதுவீட்டுக் குடிபுகல் ஒன்றுக்கு அவளே கட்டிக் கொடுத்தது.

“வித்த சரக்கு வீடு தேடி வந்திருக்கு பாருடா!” என்று அலறினாள்.

தம்பி நாற்காலிமேல் ஏறி நின்றபடி, “திருப்பிக் குடுத்துட்டாங்கபோல. துடைச்சு மறுபடி வித்துரலாமா?” என்றான்.

தண்ணீர் வடிந்த கையோடு தடுப்புப் பலகைகள் வந்து இறங்கின.

தடுப்புக்கு இந்தப் பக்கம் தனியே உட்கார்ந்த பிறகுதான், உலகம் எத்தனை ஆர்வத்தோடு எதையும் கண்ணாடித்தாளில் சுற்ற விரும்புகிறது என்பது அவளுக்குப் புலப்பட்டது. ஒருத்தி வந்து காகிதக் கோளங்களை உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாம் நல்லாருக்குக்கா. மேல ஒரு பிளாஸ்டிக் தாள் மட்டும் சுத்திக் குடுத்துருங்க, பளபளன்னு இருக்கும்” என்றாள். இன்னொருவர், “மக்கிப் போயிரும்னு நீங்களே சொல்றீங்களே, அப்ப அடுத்த வருஷம் நான் எதை மாட்டுறது?” என்று வழக்கறிஞர் போலக் கேட்டார். மட்டைத் தட்டு வாங்கிப்போன வீட்டார் விருந்து முடிந்ததும் அவற்றைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, அடுக்கி வைத்திருந்தார்கள். தூக்கியெறிய மனம் வரவில்லையாம். அங்கங்கே பூஞ்சை பூத்த தட்டுகளைக் கொண்டுவந்து காட்டி, சரக்கு சரியில்லை என்று சண்டையும் பிடித்தார்கள்.

எல்லாரையும் மிஞ்சியவர் அவள் கணவர். சின்னச் சரக்கு வண்டி ஓட்டுபவர். மனைவி செய்த எதையும் தன் வண்டியில் ஏற்றும்போது அவருக்கு அன்பு பொங்கும். அந்த அன்பு பிளாஸ்டிக் விரிப்பின் வடிவில்தான் வெளிப்படும்.

“ஏங்க, மழையே இல்ல. எதுக்கு இந்தப் போர்வை?”

“தூசி படும்ல.”

“தூசி பட்டா தட்டிக்கலாம். இந்த விரிப்பு கிழிஞ்சு, பறந்து, எந்தச் சாக்கடையில போய் உட்காரும்னு தெரியுமா?”

“கிழியாதும்மா, நல்ல சரக்கு. உன் தம்பிகிட்டதான் வாங்கினேன்.”

தடுப்புக்கு அப்பாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பசையக்கா கிண்ணத்தில் இருந்த பசையைக் கிண்டிய வேகத்தில் கிண்ணமே சுழன்றது.

ஊர் மண்டபத்தின் மேலாளர் ஆள் அனுப்பியது அந்த நாட்களில்தான். அம்மண்டபத்தில் வாரம் தவறாமல் விழா உண்டு. பின்பக்கத்து வடிகால் குப்பையால் அடைத்து, நாற்றம் மேடைவரை ஏறியதும் மண்டபக் குழுவினர் விழித்துக்கொண்டார்கள். மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே பேசும் மனிதர்.

“மக்கும் மக்கும்னுதாம்மா எல்லாரும் சொல்றாங்க. போன தடவை ஒருத்தர் குடுத்த காகிதக் குவளை தோட்டத்துல இன்னும் முழிச்சுக்கிட்டுக் கிடக்குது.”

“அது காகிதமே இல்ல சார்.” மேசைமேல் இருந்த குவளையைக் கிழித்து, அதன் உட்புறத்தில் ஒட்டியிருந்த மெல்லிய படலத்தை நகத்தால் உரித்து, அவர் முகத்துக்கு நேரே தொங்கவிட்டாள். “இதான் உங்க காகிதம். பிளாஸ்டிக்குக்குச் சட்டை போட்டு விக்கிறாங்க.”

மேலாளர் அந்தப் படலத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தம் யோசனையைச் சொன்னார். மண்டபத்துத் தோட்டத்தில் ஒரு குழி வெட்டுவது. ஒரே ஒரு விழாவின் அலங்காரம், தட்டு, குவளை அத்தனையையும் அதில் கொட்டி மூடுவது. மழைக்காலம் கழிந்ததும் குழுவினர் முன்னிலையில் தோண்டிப் பார்ப்பது.

“மண்ணு மட்டும் இருந்தா, மண்டபத்து வேலை மொத்தமும் உங்களுக்குத்தான். வாசல்லயே பிளாஸ்டிக்க நிறுத்திடுவோம்.”

“வேற ஏதாவது இருந்தா?”

“அப்ப உங்க தம்பிக்கே குடுத்துருவோம்மா. அது மக்காதுதான், ஆனா மின்னவாவது மின்னுது.”

அவளுக்கு அந்த மண்டபம் வேண்டியிருந்தது. உதிரி வாடிக்கையை நம்பி இன்னோர் ஆண்டு ஓட்ட முடியாது என்பதை அவளும் கணவரும் வாய்விட்டுச் சொல்லாமலே அறிந்திருந்தார்கள். மண்டபம் கிடைத்தால் பசைக் கடை நிலைக்கும். கிடைக்காவிட்டால் தடுப்புப் பலகைகளைக் கழற்றிவிட்டு, தம்பியின் ஜிகினாவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதை நினைத்த மாத்திரத்தில் அவளுக்கு உச்சந்தலை சூடேறிற்று.

“எந்த விழா சார்?”

மேலாளர் நெற்றியைத் தேய்த்தார். “எல்லார்கிட்டயும் கேட்டேன், ஒருத்தரும் ஒத்துக்கல. என் பொண்ணு கல்யாண வரவேற்புதான். வேற யார் தலையில கட்டுறது?”

அதன்பின் பசையக்கா பட்ட பாட்டைக் காட்டிலும், பிறர் அவளிடம் பட்ட பாடே பெரிது. விரிப்போடு வந்த கணவரை வண்டியைவிட்டு இறக்கி, விரிப்பைப் பிடுங்கி, தடுப்புக்கு மேலே தம்பி பக்கம் எறிந்தாள். மேடைக்கு வந்த மின்விளக்குக்காரன் கையிலிருந்த ஒட்டுநாடாவைப் பறித்தாள். வரவேற்பு அன்று, வாசலில் மணப்பெண்ணின் உறவுக்காரி போலப் பட்டுடுத்தி நின்றுகொண்டு, வருவோர் கையிலிருந்த பூங்கொத்துகளை ஒவ்வொன்றாக வாங்கி, அவற்றைச் சுற்றியிருந்த கண்ணாடித்தாளை உரித்துவிட்டு, வெறும் பூவை மட்டும் திருப்பிக் கொடுத்தாள்.

மாப்பிள்ளையின் பெரியப்பா கொதித்துப்போனார். “சம்பந்தி வீட்டு ஆளுங்களைச் சோதனை போடுறீங்களா? நாங்க என்ன திருடிட்டா வந்தோம்?”

“நீங்க எடுத்துட்டுப் போனா பரவால்லங்க. விட்டுட்டுப் போறதுதான் பயமா இருக்கு.”

மேடையில் மணப்பெண்ணின் கூந்தலில் ஏதோ பளிச்சிட்டது. பசையக்காவின் பார்வை அங்கே போய் நிலைகுத்துவதைக் கண்ட மேலாளர் ஓடிவந்து கைகூப்பினார்.

“அம்மா, என் பொண்ணக் குழியில போட மாட்டோம். அவளை மட்டும் விட்டுருங்க.”

விருந்து நன்றாகவே நடந்தது. உமி எழுத்துகளைத் தொட்டுப் பார்த்துப் பலரும் வியந்தார்கள். மண்டபத்தின் குறுக்கும் நெடுக்குமாக அவள் கட்டியிருந்த காகித மலர்ச் சரங்கள் விசிறிக் காற்றில் அலையலையாய் அசைந்தன. ஒன்றும் அவிழவில்லை. மறுநாள் காலை தோட்டக்காரர் எல்லாவற்றையும் வாரிக் குழியில் கொட்ட, ஒவ்வொரு கூடையையும் கிளறிப் பார்த்துத்தான் அவள் அனுமதித்தாள். ஒரு மிட்டாய் உறையைக் கண்டெடுத்து, குற்றவாளியின் தலைமுடியைப் பிடித்ததுபோல் தூக்கிக் காட்டினாள். சரங்களை மட்டும் அவள் கிளறவில்லை. அவை அவள் கையால் கட்டியவை.

பிறகு மழை பெய்தது. அவளுக்கு வாழ்நாளில் முதன்முறையாக மழைமேல் கோபம் வரவில்லை. மண்டபத்துப் பக்கம் போக வேலையே இல்லாதபோதும் அவ்வழியாகப் போய், மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். தடுப்புக்கு அப்பாலிருந்து தம்பி விசாரிப்பான்.

“அக்கா, குழி தூங்குதா? போர்வை ஏதாவது வேணுமா? என்கிட்ட நல்ல பிளாஸ்டிக்ல இருக்கு.”

“உன் வாயில சுத்து.”

தோண்டும் நாள் வந்தது. குழுவினர் வேட்டி நுனியையும் கால்சட்டை நுனியையும் தூக்கிப் பிடித்தபடி குழியைச் சுற்றி நின்றார்கள். வேடிக்கை பார்க்கவும், ஒருவேளை வேலை தன் பக்கம் விழுந்தால் கையோடு பேசி முடிக்கவும் ஜிகினாவும் வந்திருந்தான். தோட்டக்காரர் மண்வெட்டியை இறக்கினார்.

முதலில் கறுத்த மண் வந்தது. அடுத்தும் கறுத்த மண்தான்; மண்புழுக்கள் நெளிந்தன; மழை விட்ட தோட்டத்து வாசம் எழுந்தது. ஒரு மட்டைத் தட்டின் விளிம்பு வந்தது. தோட்டக்காரர் அதை இரண்டு விரலால் எடுத்ததும் மிட்டாய் போல நொறுங்கிற்று. உமி எழுத்துகளும் காகிதக் கோளங்களும் போன இடம் தெரியவில்லை. குழுவில் மூத்தவர் மண்ணை அள்ளி முகர்ந்து, “அருமையான உரம்!” என்றார். மேலாளர் நெற்றியைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டார். பசையக்காவின் நெஞ்சுக்குள் நெடுநாளாய் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று நெகிழத் தொடங்கியது.

மண்வெட்டி எதிலோ சிக்கிற்று.

தோட்டக்காரர் குனிந்து இழுத்தார். ஓர் இழை வந்தது. இழுக்க இழுக்க வந்தது. பின்னோடு இன்னொன்றும், அதனோடு பின்னிய மற்றொன்றும் வந்தன. இரு கைகளாலும் அள்ளித் தூக்கிப் பிடித்தபோது, மண் உதிர்ந்து, காலை வெயிலில் ஈரத்தோடு மினுங்கியது ஒரு பெரிய வலை. நைலான் நூல். சாண் இடைவெளிக்கு ஒரு முடிச்சு, முடிச்சுக்கு முடிச்சு வெறுமை. மலர்கள் எல்லாம் மண்ணோடு கலந்து விடைபெற்றுவிட, அவற்றைத் தாங்கிய இழை மட்டும் யாருக்கும் சூட்டாத மாலையாகத் தொங்கிற்று. மாலையைப் போற்றிய நாவுகள் எத்தனையோ உண்டு. அதைத் தாங்கிய இழையை யாரும் ஒரு பொருட்டாய்ப் பார்ப்பதில்லை. பசையக்காவும் பார்த்ததில்லை.

“மீன் பிடிக்கலாம்போல இருக்கே!” என்றார் குழுவில் ஒருவர். சிலர் சிரித்தார்கள்.

மேலாளர் சிரிக்கவில்லை. அவர் பார்வை ஜிகினாவின்மேல் திரும்பியது. “இது உங்க சரக்குதானே? அன்னைக்குப் பக்கத்து அறை அலங்காரத்துக்கு உங்க ஆளுங்க வந்தாங்கல்ல? அதுல கலந்து வந்திருக்கும்.” பிறகு பசையக்காவிடம் குரலைத் தாழ்த்தினார். “உங்க தம்பி சரக்கு கலந்துருச்சுன்னா அது உங்க தப்பு இல்லம்மா. நாங்க அதைச் சேர்த்துக்க மாட்டோம். அப்படித்தானே?”

அவர் அவளுக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே போக வேண்டியதுதான் பாக்கி.

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் கண் வலையின்மேல் இருந்தது. அந்த முடிச்சு அவனுக்குத் தெரியாதா? அதைப் போட்டுத் தரச் சொல்லி எத்தனை முறை தடுப்புக்கு மேலே கை நீட்டியிருப்பான்! அவன் வாயைத் திறந்தான், மூடினான். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. காலால் ஒரு மண்கட்டியை நசுக்கிக்கொண்டு, எதுவானாலும் சரி என்பதுபோல் நின்றான். எப்போதும் ஏதேனும் உளறிக்கொண்டிருக்கும் அந்த வாய் அன்று பார்த்துச் சும்மா இருந்தது அவளுக்கு எரிச்சலை மூட்டிற்று. அவன் இரண்டு வார்த்தை சண்டை போட்டிருந்தால் பழியைத் தூக்கி அவன்மேல் போடுவது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

“இல்ல சார்” என்றாள். “முடிச்சு என்னுது.”

“நல்லாப் பாருங்கம்மா.”

“பார்க்கறதுக்கு என்ன இருக்கு? வேற யாருக்கும் இந்த முடிச்சு வராது. நூல் என் இழுப்பறையிலேர்ந்து வந்தது.” குரல் உயர்ந்தது, ஆனால் அவள் திட்டிக்கொண்டிருந்தது அங்கே நின்ற யாரையும் அல்ல. “குவளையக் கிழிச்சுக் காட்டினேன். பூங்கொத்த உரிச்சேன். குப்பைக் கூடையக் கிளறினேன். கல்யாணப் பொண்ணோட தலைய முறைச்சேன். என் மேசைக்கடியில ஒருநாள் குனிஞ்சு பார்க்கத் தோணிச்சா எனக்கு? கடை தொடங்கின காலத்துலேர்ந்து அதே நைலான். கை எடுக்குது, நான் கட்டுறேன். கண்ணு எங்க போச்சு?”

 தோட்டக்காரர் வலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

மேலாளர் மீண்டும் நெற்றியைத் தேய்த்தார். “சொன்ன வார்த்தைய மாத்த முடியாதும்மா. இந்தப் பருவம் உங்க தம்பிக்குத்தான் போகும். மத்ததெல்லாம் மண்ணாப் போச்சு, அதையும் பார்த்தோம், இல்லன்னு சொல்லல. யாராவது இன்னொரு விழாவக் குடுத்தா இன்னொரு குழி வெட்டிப் பார்க்கலாம். ஆனா யார் குடுப்பா? எனக்கு இருந்தது ஒரே பொண்ணு.”

“எனக்கு ஒண்ணு இருக்கு” என்றான் ஜிகினா.

எல்லாரும் திரும்பினார்கள்.

“என் பொண்ணு பிறந்தநாள் வருது. இங்கேயே வச்சுக்குறேன். குப்பைய அதே குழியில போடுங்க.”

மேலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீங்களா? பிளாஸ்டிக் விக்கிறவர் வீட்டு விசேஷத்துல பிளாஸ்டிக் இல்லையா?”

“மிட்டாய்க் கடைக்காரன் வீட்ல மூணு வேளையும் மிட்டாயா திங்குறாங்க? அவளுக்கு அத்தை கட்டுற தோரணம்தான் வேணுமாம். என்னுதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சாம்.” அக்காள் பக்கம் திரும்பினான். “ஆனா நூலு நான்தான் வாங்கித் தருவேன். உன் கையை நம்ப முடியாது.”

அவளுக்கு அவனை அறையவும் வேண்டும்போல் இருந்தது. வேறேதோ செய்யவும் வேண்டும்போல் இருந்தது. இரண்டையும் செய்யாமல், தோட்டக்காரர் கையிலிருந்த வலையை வெடுக்கென்று பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு நடந்தாள்.

மண்டபத்து வாசலில் வண்டியோடு காத்திருந்த கணவர், “வண்டியில போடட்டுமா?” என்று கேட்டார்.

“மேல விரிப்பு மூடணுமா?” என்றாள். அவர் வண்டியைக் கிளப்பினார்.

கடைக்கு வந்ததும் இழுப்பறையை உருவி எடுத்து, அதிலிருந்த நைலான் கண்டுகள் அத்தனையையும் தடுப்புக்கு மேலே கவிழ்த்தாள். அந்தப் பக்கம் பொலபொலவென்று விழுந்தன. “இனாமா?” என்று கேட்டான் தம்பி. அவள் வெறும் இழுப்பறையை மேசைக்கடியில் திருப்பிச் செருகினாள்.

மறுநாள் அவன் சொன்னபடியே பருத்தி நூற்கண்டுகள் வாங்கி வந்து மேசைமேல் வைத்தான். வெள்ளை வெளேரென்ற கண்டுகள். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றப்பட்டிருந்தது.

அவள் அவற்றைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

“முறைக்காத. கடையில அப்படித்தான் குடுக்குறான்” என்று சொல்லி, அவசர அவசரமாக உரித்து, தாள்களைத் தன் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு தன் பக்கம் போய்விட்டான்.

காகித மலரை எடுத்தாள், நூலைக் கோத்தாள், இரண்டு கண்ணிகளையும் ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து, பழகிய வேகத்தில் இறுக்கினாள். நூல் பட்டென்று அறுந்தது. வழுக்கும் நைலானை அடக்குவதற்கென்றே பிறந்த முடிச்சு அது. பருத்தியின் கழுத்தை நெரித்துவிட்டது. மறுபடி முடிந்தாள். மறுபடி அறுந்தது. கண்ணியைத் தளர்த்தினாள், மலர் நழுவிப் பசைக் கிண்ணத்தில் விழுந்தது.

“என்னக்கா, அறுந்துதா?” தடுப்புக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

“வாயை மூடு.”

“ஒத்தைக் கண்ணியாப் போட்டுப் பாரேன்.”

“எனக்கே முடிச்சு சொல்லித் தரியா?”

குனிந்து இன்னொரு மலரை எடுப்பதற்குள் இடக்கை தானே மேசைக்கடியில் போய், வெறும் இழுப்பறையின் பலகையைத் தடவிக்கொண்டு நின்றது. அவள் அதை வெளியே இழுத்து, முகத்துக்கு நேரே பிடித்து, பசை உரிந்த அந்த விரல்களை ஒரு கணம் அந்நியனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“சனியனே, எத்தனை தடவ சொல்றது? அங்க ஒண்ணும் இல்ல” என்று தன் கையையே அதட்டிவிட்டு, ஒற்றைக் கண்ணியாக முடிந்தாள்.